நாற்பத்தேழாம் பை

என் மேசை இழுப்பறையில் ஒரு துணிப்பை கிடக்கிறது. ஒரு சாண் உயரம், அதில் பாதி அகலம். வெளிர்நீலக் காட்டன் சேலையில் வெட்டித் தைத்தது. வாய்ப்பக்கம் அரக்கு நிறக் கரை ஓடுகிறது; கரையையே மடித்துச் சுருக்குக் கயிறு கோத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அழியாத மையில் நாற்பத்தேழு என்ற எண். உள்ளே ஒரு கல், கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரியது. வெள்ளை என்று சொல்லலாம். வெயிலில் பிடித்தால் நகத்தின் இளஞ்சிவப்பு தெரியும். ஓர் ஓரத்தில் மீன்செதில் போல நாலைந்து வெள்ளி மினுக்கு. விருதுநகரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகள் எதையாவது தேடி இந்த இழுப்பறையைத் திறந்தால், தேடியதை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்து உருட்டுவார்கள். இதுக்குள்ள என்ன இருக்கு என்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். அது உண்மை. அந்த ஒன்றுமில்லைக்காக ஒருவர் முப்பத்தாறு நாள் பங்குனி, சித்திரை வெயிலில் நடந்தார் என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சிவகாசிப் பக்கத்து எங்கள் ஆனைக்குட்டத்தில் யாருமில்லை. கல்லு மேடம். அவர் காதுபடவும் அப்படித்தான். புது நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தது. தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் கதவடைத்துக் கிடந்த வாரத்தில், ஒரு ஜீப்பும் இரண்டு இரும்புப் பெட்டியும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்புமாக வந்து, அணைக்குப் போகிற வழியில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அரசாங்கத்துப் பாறை ஆய்வுக்காரர் என்றதும் ஊர் ஒரு மீசைக்காரரை எதிர்பார்த்திருந்தது. இறங்கியவர் சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்ட பெண், ஏறக்குறைய என் வயது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். “எங்க ஊர்ல வண்டலைத் தவிர ஒண்ணும் கிடையாது. அம்மிக்கல்லுகூட வெளியூர்லேருந்துதான் வரணும். அதான் எனக்குக் கல்லு மேல இவ்வளவு ஆசை” என்று வந்த அன்றே சொன்னார். கூலிக்கு நாலு பேர், அதில் ஒருத்தி எழுதப் படிக்கத் தெரிந்தவளாக வேண்டும் என்றார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எனவே அந்த ஒருத்தி நான்.

அப்போது எனக்கு முப்பது. எட்டு வருஷம் மணி மருந்துப் பிரிவில் இருந்துவிட்டு வந்திருந்தேன். வானத்தில் வாணம் வெடித்துச் சிவப்பும் பச்சையுமாய்ப் பொறிகள் விழுகின்றனவே, அந்தப் பொறி ஒவ்வொன்றும் தரையில் இருக்கும்போது புளியங்கொட்டை அளவு உருண்டை. அதுதான் மணி மருந்து. சிவப்புக்கு ஓர் உப்பு, பச்சைக்கு ஓர் உப்பு. ஈரமாகப் பிடித்த உருண்டைகளைக் காடாத் துணியில் பரப்பி, மேடையில் வெயிலுக்கு வைத்துக் காய்ந்ததும் அள்ளுவது என் பாடு. எட்டு வருஷத்தில் என் உள்ளங்கைக் கோடுகளுக்குள் எந்த நிறம் போயிருக்கும் என்று கேட்டால், சிவப்பு. நான் சிவப்பு அறை.

மேடம் தேடுவது என்ன என்று எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. சிவகாசிக்கு மேற்கே பெரிய மலைத்தொடர் தொடங்கும் முன்பே, சமவெளியில் தனித்தனியாகப் பாறைக் குன்றுகள் முளைத்து நிற்கும். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அவை நிழல்; எங்களுக்கு மொட்டைப்பாறை; அவருக்கு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் கொதித்து ஆறிய ஒரே பெரிய கிரானைட் உடம்பின் வெளித்தெரியும் முட்டிகள். அந்தக் குழம்பு ஆறும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கல்லாகிவிடுவதில்லையாம். எங்கும் கிடைக்கிற சாதாரணப் பொருள்கள் முதலில் இடம்பிடித்துப் படிகமாகிவிடும். லித்தியம், பெரிலியம், டாண்டலம் என்று சில அரிய உலோகங்களுக்கு அந்தப் படிகங்களில் இடம் பொருந்தாது. ஒன்று மிகவும் சிறிசு, ஒன்று சேர்மானத்துக்கு ஒத்துவராதது. அவை மிச்சக் குழம்பிலேயே தங்கித் தங்கித் திரளும். “கல்யாண வீட்டுல பந்தி பந்தியா எல்லாரும் உக்காந்து எந்திரிச்சதுக்கப்புறம், எந்த எலையிலயும் எடம் கிடைக்காதவுக சமையக்கட்டு ஓரமா ஒண்ணாக் கூடி நிப்பாகள்ல, அது மாதிரியா மேடம்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அந்தக் கடைசிப் பந்தி உட்காரும் இடம் கூரையடி. மிச்சக் குழம்பு தண்ணீரும் ஆவியுமாக மேலே ஏறி, கிரானைட் உடம்பின் உச்சிக் கூரையில் உள்ள விரிசல்களில் புகுந்து, பெரும்படிகங்களாக உறையும். வெளியே தெரிந்தால் கருத்த பாறையில் ஓடும் வெள்ளை நரம்பு. பெக்மடைட் என்பார். எல்லா நரம்பிலும் உலோகம் இருக்காது. கூரை மிச்சம் இருந்தால்தான் உண்டு. மழையும் வெயிலும் கூரையை அரித்துத் தின்றிருந்தால், உலோகம் எந்த ஆற்றோடோ கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். “உங்க போனுக்குள்ள கடுகளவு டாண்டலம் இருக்கு. அது எங்கேயோ ஒரு மலையோட கூரையிலேருந்து வந்தது” என்று ஜீப் ஓட்டுகிற அண்ணாச்சியின் பொத்தான் போனைக் காட்டினார். அண்ணாச்சி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இதை விட்டெறிஞ்சா மலைக்கே போயிருமா மேடம்? போனாப் போகட்டும். எம் பொண்டாட்டி மிஸ்டு கால் குடுக்கிறதாவது நிக்கும்.”

மேடத்துக்கு அது மூன்றாவது சீசன். முதல் இரண்டும் வேறு பக்கத்துக் குன்றுகள், இரண்டிலும் வெறுங்கை. இந்தக் கிரானைட் உடம்பில் கூரை எங்கோ தப்பியிருக்கிறது என்று மேலிடத்தில் வாதாடி, இன்னும் ஒரே ஒரு சீசன் என்று வாங்கி வந்திருந்தார். சித்திரை முடிவதற்குள் ஏதாவது காட்டினால் துளை போட்டுப் பார்க்க இயந்திரம் வரும். இல்லையென்றால் வரைபடத்தில் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அவரைக் கோப்பு பார்க்கும் நாற்காலிக்கு அனுப்பிவிடுவார்கள். இதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில், பாறை மேல் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டபடி சொன்னார்.

இனி என் தவறு. கல் மாதிரிகளைப் போட்டு வைக்கிற துணிப்பைகள் அலுவலகத்திலிருந்து வரவேண்டும். வரவில்லை. வாரம் இரண்டு முறை மொட்டைப்பாறை உச்சியில் ஏறி, அங்கேதான் சிக்னல் கிடைக்கும் என்பதால், போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கல்லைக் காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பையெல்லாம் நான் தைச்சுத் தாரேன் மேடம் என்றேன். என்னிடம் துணி இருந்தது. எங்கள் வழக்கம் ஒன்று உண்டு: மணி மருந்து காயப்போட்ட காடாத் துணிகளைச் சீசன் முடிவில் புதிதாக மாற்றும்போது, பழையதை அந்த அறையில் வேலை பார்க்கும் பெண்கள் பங்கு போட்டுக்கொள்வோம். மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டால் எங்களுக்கு அது நல்ல துணி. இரண்டே கட்டுப்பாடுதான். அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தின்கிற பொருளில் படக் கூடாது. கல் எரியவும் போவதில்லை, தின்னவும் போவதில்லை. அதனால் எனக்கு உறுத்தவேயில்லை. என் அண்ணன் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். இரண்டே நாளில் நூற்று இருபது பை அடித்துத் தள்ளினாள். மேடம் ஒரு பையை வாங்கி இழுத்துப் பார்த்தார். ஆபீஸ் பையைவிட உறுதியா இருக்கே என்றார். எனக்கு இரண்டு நாள் தலைகால் புரியவில்லை.

மார்கழி, தை, மாசி என்று மாதிரி எடுத்தோம். வெள்ளை நரம்பு எங்கே தலைகாட்டினாலும் சுத்தியலால் தட்டி ஒரு கல், ஓடைகளில் வண்டல். எண் போட்டு, நோட்டில் இடம் எழுதி, பையில் கட்டுவேன். நூற்றுப் பதினெட்டு ஆனதும் பொடித்துத் தீயில் காட்டிப் பார்க்கிற வேலை தொடங்கியது. சன்னல்களில் போர்வையை மாட்டி நடுப்பகலிலும் அறையை இருட்டாக்கிக்கொள்வோம். சாராய விளக்கின் நீலச் சுடர். பிளாட்டினக் கம்பியின் சின்னஞ்சிறு வளையத்தை அமிலத்தில் நனைத்து, கல்பொடியில் தொட்டு, சுடரின் விளிம்பில் பிடிப்பார். முதலில் எப்போதும் மஞ்சள் எழும். “மஞ்சள் வந்தா அது நாம. நம்ம கை உப்பு, நம்ம வேர்வை. அது கல்லைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. மஞ்சள் அடங்கின பிறகு சிவப்பு வந்தாத்தான் கல்லு பேசுது” என்பார். அந்தச் சிவப்பு லித்தியம். லித்தியம் இருந்தால் அதோடு கூடி நிற்கிற மற்றவையும் இருக்க வாய்ப்புண்டு.

முதலில் வைத்தது நாற்பத்தேழாம் எண். மொட்டைப்பாறையின் உச்சி, கூரை இருந்தால் அங்கேதான் என்று அவர் நம்பிய இடம். மஞ்சள் எழுந்தது, அடங்கியது. பிறகு சிவப்பு. சுடரின் ஓரத்தில் ஒரு குங்குமக் கோடு வழிந்து நின்றது. அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, நோட்டில் நாற்பத்தேழுக்கு நேரே எழுதினார். நான் சாமி கும்பிடுவதுபோல் நின்றேன். அடுத்தது சிவப்பு. அதற்கடுத்ததும். அன்று மாலை பாறையில் ஏறி மேலதிகாரிக்குச் சொன்னார். பத்து நாளில் நேரில் வருவதாகச் சொன்னாராம். மறுநாள் காலை மாதிரிகளில் பாதியைப் பெரிய ஆய்வகத்துக்கு லாரியில் அனுப்பினோம். அங்கிருந்து முடிவு வர மூன்று மாதம் ஆகும்.

ஊரில் செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. மலையைத் தோண்டப் போகிறார்கள், நிரந்தர வேலை, ஆலங்குளம் சிமெண்ட் ஆலை மாதிரி சங்கு ஊதும், சீருடை தருவார்கள். மதினி என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பதினான்கு வருஷமாகப் பச்சை அறை. அன்று அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “ஏளா, அங்கன பொம்பளையாளுக்கும் வேலை குடுப்பாகளா? கல்லு ஒடைக்கத் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லிரு. மொட்டை வெயில்ல நிக்கச் சொன்னாலும் நிப்பேன். ஒவ்வொரு நாளும் கம்பெனி ரூம்பு வாசல்ல செருப்பை விடும்போது, திரும்பி வந்து இதைப் போடுவமான்னு நெனைக்காம விடணும். அம்புட்டுதான்.”

சந்தேகம் எனக்குள் வந்தது நாலாம் நாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று குன்றுக்கு வெகு தள்ளி, கரிசல் காட்டு வரப்பிலிருந்து மேடம் ஒரு மண் எடுத்திருந்தார். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தது. அதே குங்குமக் கோடு. காற்றில் தூசி வந்திருக்கும் என்றார் அவர், ஆனால் நெற்றி சுருங்கியது. நான் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடாமலும் குறையாமலும், பைக்குப் பை ஒரே அளவு. மலை அப்படிக் கொடுக்காது. கம்பெனிதான் அப்படிக் கொடுக்கும். எட்டு வருஷம் நான் பரப்பி, காயவைத்து, அள்ளிய சிவப்பை எனக்குத் தெரியாதா? முன் மூன்று நாளும் என் கண்ணுக்குத் தெரிந்துதான் இருந்தது. மனசு ஒத்துக்கொள்ள மறுத்திருந்தது.

மறுநாள் மேடம் அண்ணாச்சியோடு தபாலாபீசுக்குப் போயிருந்தபோது போர்வையை மாட்டினேன். கல் வைக்காத, புத்தம்புதுப் பை ஒன்றிலிருந்து ஒரே ஒரு நூலை உருவினேன். அமிலத்தில் தொட்டுச் சுடரில் பிடித்தேன். மஞ்சள்கூட நிதானமாக வரவில்லை. நேராகச் சிவப்பு. கம்பெனி உப்பு வேறு, லித்தியம் வேறு; ஆனால் சுடரில் இரண்டும் ஒரே நிறம். நூல் எரிந்து முடிந்த பிறகும் என் கண்ணுக்குள் அது நின்றது. மூன்று தண்ணீர் போதவில்லை. மூன்று மாதமாக நான் கட்டிய ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் கம்பெனியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் போனது மதினியிடம்தான். கேட்டுவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள், கோத்ததை உருவினாள், மறுபடி கோத்தாள். “லேபு சொல்லுமில்ல. மூணு மாசம் கழிச்சு அவுகளே சொல்லிக்கிடட்டும். நீ எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி? அதுக்குள்ள மெஷினு வந்து எறங்கிட்டா, எறங்கின மெஷினை யாரு திருப்பி ஏத்துவா?”

“மெஷினு எறங்கினப்புறம் இல்லைன்னு தெரிஞ்சா அவுக தலைதான் உருளும், மதினி.”

“ஆமா. இப்பச் சொன்னா நம்ம தலை உருளும். அவுக படிச்சவுக, வேற நாற்காலி இருக்கு. நமக்கு எங்கன இருக்கு?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவள் வீட்டிலிருந்து ஆய்வு வீட்டுக்கு நடந்த தூரம் அரை மைல்கூட இருக்காது. கண்மாய்க்கரையில் இரண்டு முறை திரும்பி நடந்தேன். மூன்றாம் முறை திரும்பவில்லை.

மேடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போர்வையை மாட்டி, விளக்கை ஏற்றி, அவர் கண்முன் ஒரு நூலை எரித்தேன். பிறகு துணி எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் கையில் மோர் சாதம் அப்படியே இருந்தது. திட்டுவார் என்று நின்றேன்; திட்டியிருந்தால் எனக்கு லகுவாக இருந்திருக்கும்.

“எத்தனை பை?”

“எல்லாம்தான் மேடம்.”

தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். கை கழுவினார். வந்து நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “வெறும் பை ஒண்ணை முதல்லயே எரிச்சுப் பார்த்திருக்கணும். எங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே அதுதான். சிவப்பைப் பார்க்கிற அவசரத்துல விட்டுட்டேன்” என்றார். “இன்னிக்குத் தேதி என்ன?” என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். “முதல் ஓடையிலேருந்து போவோம்.”

மேலதிகாரி சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கூட இரண்டு பேர். ஊரில் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். மதினியும் நின்றாள். மேடம் அவரை உள்ளே அழைத்துப்போய்க் காதோடு சொல்லியிருக்கலாம். வாசலில் வைத்தே, எல்லோரும் கேட்கச் சொன்னார்: சிவப்பு மலையினுடையது அல்ல, பையினுடையது, பையைச் சோதிக்காமல் விட்டது தன் பிழை, போனில் சொன்ன முடிவைத் திரும்பப் பெறுகிறேன். பை யார் தைத்தது என்று அதிகாரி கேட்டார். “என் முகாம்ல தைச்சது சார்” என்றார். அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். சித்திரை முடியும்வரை உங்கள் முகாம் உங்களுடையதுதான், அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார். கூட்டம் கலைந்தது. யாரும் வையவில்லை. எங்களைப் பார்க்காமல் போனார்கள்.

பைக்குத் துணி வேண்டும். இப்போது எந்தத் துணியையும் நம்ப முடியாது. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் காட்டன்தான் கட்ட வேண்டும், நைலான் உரசினால் பொறி வரும் என்பதால், எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் பழைய காட்டன் சேலை உண்டு. நாலைந்து வீட்டில் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் உருவி மேடம் சுடரில் காட்டினார். என் சேலை சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரி சேலை வெள்ளையாகப் பொரிந்தது. மதினியின் சேலை அப்பட்டமான பச்சை. கல்யாணத்துக்கு எடுத்த சேலை என்று ஒருத்தி பத்திரமாகக் கொடுத்ததிலும் ஓரத்தில் பச்சை ஓடியது; புருஷன் வேலை விட்டு வந்து அதில் கை துடைத்திருப்பான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சொன்னார்: “சேலையை எரிச்சே யாரு எந்த ரூம்புல வேலை பாக்காகன்னு சொல்லிப்புடலாம் போலிருக்கே மேடம். எங்கிட்டக் கேட்டிருந்தா டீசல் வாசத்தை வச்சு நான் என்னையச் சொல்லியிருப்பேன்.” அந்த ஒரு வாரத்தில் மேடம் சிரித்தது அப்போதுதான்.

சிரித்து முடித்ததும் உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தார். அலுவலகத்துக்குப் போகும்போது கட்டுவதற்கென்று இரண்டு சேலை வைத்திருந்தார். ஒன்று வெளிர்நீலம், அரக்குக் கரை. மற்றது சந்தன நிறம். இரண்டிலும் நூல் உருவி எரித்தோம். மஞ்சள், அவ்வளவுதான். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் தயங்கினேன். “நாற்காலிக்குப் போனா வேற எடுத்துக்கலாம்” என்றார். வெட்டியதை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். கூட்டம் கலைந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. துணியை வாங்கித் தடவிப் பார்த்தாள். யாரு சேலை என்றாள். சொன்னேன். மிஷினைத் துடைத்தாள், நூல்கண்டை மாற்றினாள், கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாப் பையையும் தைத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு முப்பத்தாறு நாள். பங்குனி வெயிலில் பாறை, கை வைத்தால் ஒட்டிக்கொள்வதுபோல் காயும். அதிகாலையில் ஏறி, பத்தரை மணிக்கு நிழலில் ஒதுங்கி, மூன்றரைக்கு மறுபடி. கூலியாட்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், கம்பெனிகளில் புது சீசன் ஆர்டர் வந்துவிட்டது. மீதி நாங்கள் இரண்டு பேரும் அண்ணாச்சியும் மேடமும். பழைய நோட்டைப் பார்த்து அதே ஓடை, அதே நரம்பு, அதே சுத்தியல் காயத்துக்குப் பக்கத்தில் புதுக் காயம். ஒவ்வொரு பத்துப் பைக்கும் ஒரு வெறும் பை கூட வரும். அதற்கும் எண் உண்டு. அதையும் எரித்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் தாளமுடியாமல், இல்லைன்னுதான் வரும்னு தோணுதே மேடம், இன்னும் எதுக்கு என்று கேட்டுவிட்டேன். குனிந்து கல்லைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார். “இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்கும் இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதுக்கும் நடை ஒண்ணுதான். பாதி வழியில நின்னா ரெண்டுமே தெரியாது.” அவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்து மறுபடி எழும்பியிருந்தது. நான் என் முந்தானையைக் கிழித்துக் கட்டப் போனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “அது சிவப்பு” என்றார்.

நாற்பத்தேழைக் கடைசிக்கு வைத்திருந்தார். மொட்டைப்பாறை உச்சி. அங்கே நின்றால் கிழக்கே ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் ஒரு தகடாக மின்னும்; அதைச் சுற்றிலும் பொட்டலில் ஆளுக்கொரு மூலையாகத் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு அறைகள், ஒன்று வெடித்தால் இன்னொன்றுக்குப் பரவாதபடி. அவர் வெள்ளை நரம்பைத் தட்டினார். கல் உடைந்த முகம் வெயிலில் பளிச்சென்றது. நான் அரக்குக் கரை போட்ட பையைப் பிடித்தேன். இரண்டாக உடைந்ததில் ஒரு பாதி பொடிக்க, ஒரு பாதி சாட்சிக்கு.

அன்று பிற்பகல் போர்வை போட்ட அறையில் மேடம், நான், அண்ணாச்சி, வாசலில் மதினி. அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கம்பி சுடருக்குள் போனது. மஞ்சள் எழுந்தது. அடங்கியது. நீலம். மேடம் கம்பியை மறுபடி நனைத்து மறுபடி வைத்தார். மூன்று முறை. நீலம். விளக்கை மூடிவிட்டு நோட்டில் எழுதினார். அந்தப் பேனா காகிதத்தில் போகிற சத்தம் கேட்டது. பிறகு போர்வையை விலக்கி, சன்னல் வழியே பாறையைக் காட்டிச் சொன்னார். “கூரை போயிருச்சு. என்னைக்கோ அரிச்சுப் போயிருச்சு. நாம இவ்வளவு நாளும் நடுவீட்டுல நின்னுக்கிட்டுக் கூரையைத் தேடியிருக்கோம்.” மதினி முதல் முறையாக அவரிடம் பேசினாள். “நல்லாத் தேடினீக மேடம்.”

முகாம் கலைந்தது. அவர் கோப்பு நாற்காலிக்குப் போனார். எழுதிய அறிக்கையின் படியொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதில் பை சங்கதிக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார், தன் பெயரில். சாட்சிக் கல் கிடந்த நாற்பத்தேழாம் பையையும் ஒரு சான்றுக் கடிதத்தையும் எனக்குக் கொடுத்தார். தவறான முடிவைச் சுட்டிக்காட்டக்கூடியவர் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். மதினிக்கு அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை. அவள் இன்னும் பதினோரு வருஷம் பச்சை அறையில் செருப்பை வாசலில் விட்டாள். பத்திரமாகத்தான் திரும்பினாள், தினமும். இப்போது முட்டி வலியோடு பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் பதினோரு வருஷம் என்பது எத்தனை காலை என்று சில நாள் பஸ்ஸில் வரும்போது நான் கணக்குப் பார்ப்பதுண்டு. சூலக்கரை நிறுத்தம் வந்துவிடும், கணக்கு முடியாது.

ஐந்தாறு வருஷம் கழித்து மேடத்திடமிருந்து ஒரு தபால் வந்தது. வடக்கே எங்கோ மலைப்பகுதி. நாற்காலியை விட்டு மறுபடி வெளியே வந்துவிட்டார். இரண்டே வரி. இங்கே கூரை மிச்சம் இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் முதல் வேலையாக வெறும் பையை எரித்துப் பார்த்தேன், உன்னை நினைத்துக்கொண்டேன். கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. நின்றிருக்க மாட்டார் என்று மட்டும் தெரியும்.

போன வாரம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு. வரிசையாகச் சுடர்கள். ஒரு பிள்ளை, திருத்தங்கல்காரி, கம்பியில் சிவப்பு வந்ததும் தயங்காமல், இது எங்கம்மா கலர் என்றாள். அவள் அம்மா எந்த அறை என்று நான் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவள்தான் இழுப்பறையைத் திறந்தாள். நாற்பத்தேழாம் பையைப் பிரித்துக் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“இதுல என்ன இருக்கு அக்கா?”

“ஒண்ணுமில்ல.”

“அப்புறம் எதுக்கு இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கீக?”

“ஒண்ணுமில்லன்னு ஒருத்தவுக கடைசிவரைக்கும் பாத்திருக்காக. அதுக்கு.”

அவளுக்கு அது போதவில்லை. நல்லது. கம்பியை அமிலத்தில் நனைத்து, கல்லின் ஓரத்தை உரசி, தானே சுடரில் பிடித்தாள். மஞ்சள் எழுந்தது. உப்பு இருக்கே என்றாள். அது கல்லு இல்லத்தா, நாம என்றேன். மஞ்சள் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அவள் இன்னொரு முறை கம்பியை நனைத்தாள்.